லைக் வேற, பழக்கம் வேற: சோஷியல் மீடியால ஆரோக்கியத்தைப் பரப்புறது எப்படி?

"தினமும் நடங்க, உப்பைக் கொறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க"ன்னு ஒரு மெசேஜ் வராத போனே இப்ப இல்ல. ஃபேமிலி குரூப்ல வருது, பழைய ஃபிரெண்ட்ஸ் குரூப்ல வருது, ஸ்டேட்டஸ்ல வருது, ரீல்ஸ்ல மியூசிக்கோட வருது, நாமளும் ஒரு கும்பிடு எமோஜி போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுறோம். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2022-ல உலகம் முழுக்க பெரியவங்கள்ல 31 சதவீதம் பேர், அதாவது சுமார் 180 கோடி பேர், தேவையான அளவு உடம்பை அசைக்கிறதே இல்ல. தேவையான அளவுன்னா மலையேறச் சொல்லல, வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் வேகமா நடந்தாலே போதும். இந்த 180 கோடி பேர்ல நடக்கிறது நல்லதுன்னு தெரியாதவங்க எத்தன பேர் இருப்பாங்க சொல்லுங்க, ரொம்ப ரொம்பக் கம்மியாத்தான் இருப்பாங்க.

அப்போ பிரச்சனை தகவல் இல்லாததுல இல்ல. தெரிஞ்சும் செய்யாம இருக்கிறதுதான் பிரச்சனை. சோஷியல் மீடியா மூலமா நாலு பேருக்கு நல்ல பழக்கம் வரணும்னு நினைக்கிறவங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இதைத்தான், ஏன்னா இது புரியலன்னா நாம தினமும் போஸ்ட் போட்டுக்கிட்டே இருப்போம், லைக்கும் வந்துக்கிட்டே இருக்கும், ஆனா ஒருத்தர் கூட எந்திரிச்சு நடக்க மாட்டாங்க.

ஒரு விஷயம் மனுஷங்ககிட்ட பரவுறதுல ரெண்டு வகை இருக்கு. செய்தி, கிசுகிசு, ஒரு ஆஃபர் இருக்குங்கிற தகவல், இதெல்லாம் ஒருத்தர் சொன்னாலே போதும், அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துடும். பத்து வருஷமா பேசாத ஒருத்தர் ஷேர் பண்ணியிருந்தாலும் நமக்கு அந்தச் செய்தி தெரிஞ்சுடுது, வேலை முடிஞ்சது. பழக்கம் அப்படி இல்ல. காலைல சீக்கிரம் எந்திரிக்கணும், வேர்க்கணும், பிடிச்சதை விடணும், நாலு பேரு ஏதாவது சொல்லுவாங்களோன்னு கூச்சம் வேற. இப்படி செலவு இருக்கிற ஒரு காரியத்தை ஒருத்தர் சொல்லி யாரும் ஆரம்பிக்கிறதில்ல. நமக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேரு செய்றதைப் பார்க்கணும், அதுவும் திரும்பத் திரும்பப் பார்க்கணும், அப்பதான் "சரி நாமளும் பார்ப்போமே"ன்னு தோணும்.

இது சும்மா தோணுறதை வச்சு சொல்றது இல்ல. டேமன் சென்டோலாங்கிற ஆராய்ச்சியாளர் 2010-ல சயின்ஸ் இதழ்ல ஒரு சோதனையோட முடிவை வெளியிட்டார். ஆரோக்கியத்துல ஆர்வம் இருக்கிற 1,528 பேரை இன்டர்நெட்ல சேர்த்து, ஒவ்வொருத்தருக்கும் முகம் தெரியாத சில "ஹெல்த் நண்பர்களை" ஒதுக்கினாங்க. ஒரு நண்பர் ஒரு ஹெல்த் தளத்துல பதிவு பண்ணா மத்தவங்களுக்கு மெயில் போகும், அவ்வளவுதான் சோதனை. இதுல பாதி பேருக்கு நெட்வொர்க் சிதறி இருந்துச்சு, அதாவது என் நண்பருக்கும் என் இன்னொரு நண்பருக்கும் சம்பந்தமே இருக்காது, லிங்க் எங்கெங்கேயோ போகும். இன்னொரு பாதிக்கு நெட்வொர்க் நெருக்கமா இருந்துச்சு, என் நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தரும் நண்பர்கள். சிதறினதுலதான் வேகமாப் பரவும்னு யாரா இருந்தாலும் நினைப்போம், செய்தியா இருந்தா அதுதான் சரியும் கூட. ஆனா நடந்தது தலைகீழ். நெருக்கமான நெட்வொர்க்ல சுமார் 54 சதவீதம் பேர் பதிவு பண்ணாங்க, சிதறினதுல 38 சதவீதம்தான், வேகத்துலயும் நெருக்கமானதுதான் பல மடங்கு முன்னாடி. காரணம் என்னன்னா நெருக்கமான இடத்துல ஒரே விஷயத்தைப் பத்தி ஒண்ணுக்கு மேல மெயில் வருது, ஒண்ணு வந்தப்ப அசையாதவங்க ரெண்டாவது மூணாவது வர்றப்ப அசையுறாங்க.

புதுசா இதுல இறங்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை நினைச்சுக் கவலைப்படாதீங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச பதினஞ்சு பேரு இருக்கிற ஒரு குரூப், பழக்கத்தைப் பரப்புறதுல லட்சம் ஃபாலோயர்ஸ் இருக்கிற பேஜை விட பலமானது. பெரிய பேஜுக்கு வேற வேலை இருக்கு, தடுப்பூசி முகாம் எப்போ, ரத்த அழுத்தத்தை எங்க செக் பண்ணலாம், இந்த மாதிரி ஒரு தடவை தெரிஞ்சா போதுங்கிற விஷயத்துக்கு அது ரொம்ப நல்லது. தினமும் செய்ய வேண்டியதுக்குச் சின்ன வட்டம்தான்.

தெரிஞ்ச முகத்துக்கு எவ்வளவு பலம்னு பார்க்கணும்னா ஃபேஸ்புக்ல நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். அது ஆரோக்கியம் பத்தினது இல்ல, ஓட்டுப் போடுறதைப் பத்தினது, ஆனா பாடம் ஒண்ணுதான். 2010 அமெரிக்கத் தேர்தல் அன்னைக்கு சுமார் 6 கோடியே 10 லட்சம் பேரை வச்சு நடத்தினாங்க. சிலருக்கு "இன்னைக்குத் தேர்தல், ஓட்டுப் போடுங்க"ன்னு தகவல் மட்டும் காட்டினாங்க. பெரும்பாலானவங்களுக்கு அதே தகவலோட ஏற்கனவே ஓட்டுப் போட்டுட்டேன்னு சொன்ன அவங்க நண்பர்களோட சின்னச் சின்ன போட்டோவையும் காட்டினாங்க. அப்புறம் உண்மையான வாக்காளர் பதிவேட்டோட ஒப்பிட்டுப் பார்த்தா, தகவல் மட்டும் பார்த்தவங்களுக்கும் எதையுமே பார்க்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. நண்பர்கள் முகத்தைப் பார்த்தவங்கதான் கொஞ்சம் அதிகமாப் போனாங்க. ஆளுக்கு ஆள் பார்த்தா ரொம்பச் சின்ன வித்தியாசம்தான், ஆனா நண்பருக்கு நண்பர்னு பரவி மொத்தமா சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டு கூடியிருக்கும்னு கணக்குப் போட்டாங்க. அதுலயும் நெருங்கிய நண்பர்கள் வழியாத்தான் பெரும்பாலும் பரவியிருக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2012 மே 1-ம் தேதி ஃபேஸ்புக் "நான் உறுப்பு தானம் பண்றவர்"னு ப்ரொஃபைல்ல போட்டுக்கிற வசதியைக் கொண்டு வந்துச்சு. அன்னைக்கு ஒரே நாள்ல அமெரிக்கால 13,054 பேரு ஆன்லைன்ல புதுசா உறுப்பு தானத்துக்குப் பதிவு பண்ணாங்க, வழக்கமா ஒரு நாளைக்கு 616 பேருதான் பண்ணுவாங்க, அதாவது 21 மடங்கு. நெனச்சுப் பாருங்க எவ்வளவு பெரிய விஷயம். ஆனா அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள அந்த வேகம் நல்லாவே கொறஞ்சிடுச்சு. உறுப்பு தானப் பதிவு ஒரே ஒரு தடவை பண்றது, அதனால வேகம் கொறஞ்சாலும் பதிவு பண்ணது பண்ணதுதான், நஷ்டமில்ல. நடைப்பயிற்சியும் தூக்கமும் அப்படி இல்லையே, முதல் நாள் ஆரவாரம் அடங்கின பிறகு இருபதாவது நாள் என்ன நடக்குதுங்கிறதுதான் முக்கியம்.

நாள் கணக்குன்னதும் ஒண்ணு சொல்லணும். 21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு எல்லா இடத்துலயும் எழுதி வச்சிருக்காங்க, அதை நம்பி 21 நாள் சேலஞ்ச் நடத்துறவங்களும் நிறைய. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேரை 12 வாரம் கவனிச்சுப் பார்த்தாங்க. ஒரு காரியம் யோசிக்காமலே தானா நடக்கிற நிலைக்கு வர்றதுக்கு நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு, ஆளைப் பொறுத்து பழக்கத்தைப் பொறுத்து 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் போகும்னு கணிச்சாங்க. தண்ணி குடிக்கிற மாதிரி சின்னது சீக்கிரம் பழகுது, உடற்பயிற்சி லேட்டாகுது. அதே ஆராய்ச்சில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டுப் போனாலும் பழக்கம் உருவாகுறது பெருசா பாதிக்கப்படல. இதை குரூப்ல திரும்பத் திரும்பச் சொல்லுங்க. ஏன்னா நிறைய பேரு ஒரு நாள் விட்டதும் "நமக்கெல்லாம் இது சரிப்படாது"ன்னு மொத்தமா விட்டுடுறாங்க, சில ஆப்ஸ் வேற ஒரு நாள் விட்டா எண்ணிக்கையை ஜீரோவாக்கி அவங்களை இன்னும் சோர்வாக்குது. 21 நாள் சேலஞ்ச் வேண்டாம்னு சொல்லல, ஆரம்பிக்க அது நல்லதுதான், ஆனா 22-வது நாளுக்கு என்ன திட்டம்னு முதல் நாளே யோசிச்சு வைங்க. குறைஞ்சது மூணு மாசம்னு வச்சுக்கோங்க.

எல்லாரும் ஒரே நாள்ல ஆரம்பிக்கிறதுல பெரிய பலம் இருக்கு. இங்கிலாந்துல 2012-லேர்ந்து நடக்கிற ஸ்டாப்டோபர் இந்த மாதிரிதான், அக்டோபர் மாசம் எல்லாரும் சேர்ந்து 28 நாள் சிகரெட் பிடிக்காம இருக்கிறது. தனியா விடுறவருக்கு இல்லாத ஒரு தெம்பு இதுல வருது, நாடு முழுக்க இன்னைக்கு நம்மள மாதிரியே தவிச்சுக்கிட்டு எத்தனையோ பேரு இருக்காங்கங்கிற தெம்பு.

சரி, போஸ்ட்ல என்ன எழுதுறது? "ஆரோக்கியமே செல்வம்"னு எழுதினா யாருக்கும் எதுவும் ஆகாது. எப்போ, எங்க, என்ன, எவ்வளவு நேரம்னு இருக்கணும். பீட்டர் கோல்விட்சர்னு ஒரு மனவியல் பேராசிரியர் இதைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். "நிறைய நடக்கணும்"னு நினைக்கிறவரை விட "மதியம் சாப்பிட்டு கை கழுவினதும் பத்து நிமிஷம் நடப்பேன்"னு முடிவு பண்றவர்தான் அதைச் செய்து முடிக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம். ஏற்கனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோட முதுகுல புதுசை ஏத்தி வைக்கிறது இது. அதனால உங்க போஸ்டோட கடைசி வரி எப்பவும் ஒரு கேள்வியா இருக்கட்டும், "நீங்க எந்த வேலை முடிஞ்சதும் நடப்பீங்க?"ன்னு கேளுங்க. அவங்க கையால கமெண்ட்ல டைப் பண்ணி எழுதுறப்பவே அவங்களுக்கு ஒரு திட்டம் உருவாயிடுது, அந்த ஒரு கமெண்ட் எனக்கு நூறு லைக்கை விட மேல்.

அடுத்தது, சாதாரண நாளைக் காட்டுங்க. இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2017-ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ங்கிற அறிவியல் இதழ்ல வந்தது. சுமார் 11 லட்சம் ஓட்டப் பயிற்சி பண்றவங்களோட அஞ்சு வருஷத் தகவலை ஆராய்ஞ்சாங்க. சும்மா பார்த்தா ஓடுறவரோட நண்பரும் ஓடுவார், ஆனா அது இவர் பார்த்து அவர் ஓடினதா, இல்ல ஓடுறதுல ஆர்வம் இருக்கிறவங்க நண்பர்களா ஆனாங்களான்னு பிரிக்கவே முடியாது, இந்த மாதிரி ஆராய்ச்சில எல்லாம் இதுதான் பெரிய தலைவலி. அவங்க வானிலையை வச்சு அதைப் பிரிச்சாங்க. ஒரு ஊர்ல மழை, அங்க இருக்கிறவர் அன்னைக்குக் கொறைவா ஓடுறார், வேற ஊர்ல வெயில் அடிக்குது, அங்க இருக்கிற நண்பருக்கு மழை ஒரு தடையே இல்ல. அப்படியும் அவர் ஓட்டம் கொறைஞ்சா அது நண்பரோட தாக்கம்தான். கணக்குப் போட்டதுல, நண்பர்கள் 1 கிலோமீட்டர் கூடுதலா ஓடினா நாம அன்னைக்கே சுமார் 300 மீட்டர் கூடுதலா ஓடுறோம். இதுல முக்கியமான இடம் இதுதான், கொறைவா ஓடுறவங்க நிறைய ஓடுறவங்களைத் தூண்டுறாங்க, ஆனா நிறைய ஓடுறவங்க கொறைவா ஓடுறவங்களை அவ்வளவா தூண்டல. மாரத்தான் ஓடுறவர் மெடலோட போட்டோ போட்டா புதுசா ஆரம்பிக்கிறவர் "இவர் வேற லெவல்"னு ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிடுறார். பக்கத்து டேபிள்ல உட்கார்ந்து வேலை செய்றவர் மூச்சு வாங்க பத்து நிமிஷம் நடந்தேன்னு போட்டா அது வேற மாதிரி உறைக்குது. அதனால "நான் எக்ஸ்பர்ட் இல்லையே, நான் எப்படி போஸ்ட் போடுறது"ன்னு தயங்குறவங்க தயங்கவே வேண்டாம், உங்க போஸ்டுக்குத்தான் இங்க வேலை அதிகம்.

இதோட சேர்த்து ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும், உடம்பைக் காட்டி ஊக்கப்படுத்தாதீங்க. முன்னாடி பின்னாடி போட்டோ, வயித்துத் தசை, "சாக்கு சொல்லாதே" மாதிரி வாசகம், இதெல்லாம் பார்க்க வேகமா இருக்கும். ஆஸ்திரேலியால மரிகா டிக்கமன் குழு 2015-ல இளம்பெண்கள்கிட்ட ஃபிட்னஸ் ஊக்கப் படங்களைக் காட்டி ஆராய்ஞ்சப்ப, படங்களைப் பார்த்தவங்களுக்கு ஃபிட் ஆகணும்னு ஒரு உத்வேகம் வந்துச்சுதான், ஆனா கூடவே தன் உடம்பு மேல அதிருப்தியும் மோசமான மனநிலையும் அதிகமாச்சு. தன் உடம்பை வெறுத்துக்கிட்டு அதை யாராலயும் ரொம்ப நாள் பார்த்துக்க முடியாது. எடை நம்பரையும் குரூப்ல கேட்காதீங்க, சாப்பாட்டோட மனசுக்குள்ள போராடிக்கிட்டு இருக்கிற ஒருத்தர் அந்த குரூப்ல சத்தமில்லாம இருக்கலாம். தூக்கம் எப்படி இருக்கு, படி ஏறினா மூச்சு வாங்குறது கொறைஞ்சிருக்கா, இதைப் பத்திப் பேசுங்க. பயமுறுத்துற போஸ்டும் அப்படித்தான், பயத்தோட கூடவே உடனே செய்யக்கூடிய ஒரு சின்ன வழியைக் கொடுக்கலன்னா ஜனங்க பயத்தை விட்டுட மாட்டாங்க, அந்த போஸ்டைத்தான் பார்க்காம விட்டுடுவாங்க.

குரூப் நடத்துறதுல எல்லாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இருக்கு. "ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா இருங்க"ன்னு மட்டும் சொல்லிவிட்டா போதும்னு நினைக்கிறோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 790 பேரை வச்சு 11 வாரம் ஒரு சோதனை நடத்தி 2016-ல வெளியிட்டாங்க. மத்தவங்க எத்தனை உடற்பயிற்சி வகுப்புக்குப் போயிருக்காங்கன்னு பட்டியல்ல பார்க்க முடிஞ்ச குழுக்கள், அப்படிப் பார்க்க முடியாத குழுவை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு உடற்பயிற்சி வகுப்புக்குப் போனாங்க. வெறும் ஆதரவுப் பேச்சு மட்டும் இருந்த குழு, எதுவுமே இல்லாதவங்க அளவுக்குக் கூட வரல. அங்க வராதவங்களோட சோர்வும் மத்தவங்களுக்குப் பரவிடுச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. என் கருத்து என்னன்னா, அன்பு வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரு செயல் இருக்கணும்னுதான் அர்த்தம். தினமும் ராத்திரி ஒரு டிக் போடச் சொல்லுங்க, "இன்னைக்கு செஞ்சேன்", அவ்வளவுதான். எவ்வளவு தூரம் நடந்தேன்னு ஒப்பிட்டா முட்டிவலி இருக்கிறவர் எப்பவும் கடைசிலதான் இருப்பார், வாரத்துல எத்தனை நாள் செஞ்சேன்னு ஒப்பிட்டா அவரும் முதல்ல வரலாம். டிக் போடாதவரை குரூப்ல பேர் சொல்லிக் கேட்காதீங்க, தனியா ஒரு மெசேஜ் போட்டு நல்லா இருக்கீங்களான்னு மட்டும் கேளுங்க.

தப்பான தகவல் விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கறாரா இருக்கச் சொல்லுவேன். அமெரிக்கால இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006-லேர்ந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல பரவின சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் செய்திகளை ஆராய்ஞ்சு 2018-ல எழுதினாங்க. உண்மையை விடப் பொய் ரீட்வீட் ஆகுறதுக்கு 70 சதவீதம் அதிக வாய்ப்பு, 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்குப் பொய்யை விட சுமார் ஆறு மடங்கு நேரம் ஆகுது. இதுக்குக் காரணம் ரோபோ கணக்குகள் இல்ல, மனுஷங்கதான், புதுசா ஆச்சரியமா இருக்கிறதை நாம யோசிக்காம அனுப்பிடுறோம். "இதைக் குடிச்சா மூணே நாள்ல சுகர் காணாம போயிடும்"ங்கிறதுல ஆச்சரியம் இருக்கு, "உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கட்டும்"ங்கிறதுல ஆச்சரியம் இல்ல. சுகர் மாத்திரை, இன்சுலின், பிரஷர் மாத்திரை, எதையாவது நிறுத்தச் சொல்ற போஸ்ட் எதுவா இருந்தாலும், யார் அனுப்பியிருந்தாலும், குரூப்ல இருக்க விடாதீங்க. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவரோட உயிருக்கே ஆபத்து வரலாம். திருத்துறப்ப அனுப்பினவரை எல்லார் முன்னாடியும் மட்டம் தட்ட வேண்டாம், பெரும்பாலும் அவங்க அக்கறைலதான் அனுப்பியிருப்பாங்க. சரியான தகவலை முதல் வரில போட்டு, டாக்டரைக் கேட்காம எதையும் மாத்தாதீங்கன்னு சொல்லி, அவர்கிட்ட தனியாப் பேசிடுங்க.

ஆப்ல நடந்த பாதையை மேப்போட ஷேர் பண்றவங்க இதையும் கவனிங்க. ஓட்டத்தைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப் 2017 நவம்பர்ல வெளியிட்ட ஓட்டப்பாதை மேப்பைப் பார்த்து, 2018 ஜனவரில ராணுவ முகாம்கள் எங்க இருக்குன்னே ஜனங்க கண்டுபிடிச்சுட்டாங்க. நீங்க தினமும் எந்த வாசல்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்புறீங்கன்னு முகம் தெரியாதவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. செட்டிங்ஸ்ல ஆரம்ப இடத்தை மறைக்கிற வசதி இருந்தா அதைப் போட்டுடுங்க, இல்லன்னா மேப்பே வேண்டாம், நிமிஷத்தை மட்டும் சொல்லுங்க.

கடைசியா, இது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? வியூஸ் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. ஆரம்பிக்கிற அன்னைக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டு வைங்க, "போன வாரம் எத்தனை நாள் அரை மணி நேரமாவது நடந்தீங்க?"ன்னு. அதே கேள்வியை ஒரு மாசம் கழிச்சும் மூணு மாசம் கழிச்சும் கேளுங்க, குரூப்லயே ஒரு ஓட்டெடுப்பு (poll) போடலாம், யார் என்ன சொன்னாங்கன்னு தெரியாத மாதிரி வச்சா இன்னும் உண்மையாச் சொல்லுவாங்க. நம்பர் ஏறியிருந்தா அப்படியே தொடருங்க. ஏறலன்னா போஸ்ட் எண்ணிக்கையைக் கூட்டாதீங்க, பழக்கத்தை இன்னும் சின்னதாக்குங்க, அரை மணியைப் பத்து நிமிஷமாக்குங்க, இல்லன்னா நேரத்தை மாத்திப் பாருங்க, இல்லன்னா முப்பது பேரா இருக்கிற குரூப்பை நல்லாப் பழக்கம் இருக்கிறவங்களா சேர்த்து மூணாப் பிரிச்சு திரும்ப ஆரம்பிங்க.